ஆரக்கால் சக்கரமும் மலைப்பாதையும்

வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புக்குச் செல்லும் கோட்டைக் கணக்கில் ஆரம் என்பர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்காலை நினைவூட்டும் பெயர் அது. இலத்தீன் மொழியிலும் 'ரேடியஸ்' என்னும் சொல் சக்கரத்தின் ஆரக்காலைக் குறித்தது.

1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு இணைந்து சென்னையில் புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. பின்னர்த் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த புல்லட்டுக்கும், மைசூரில் உருவான எஸ்டிக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் கோத்த சக்கரங்களே இருந்தன. பிற்காலத்தில் ஒரே வார்ப்பாக அமைந்த அலாய் சக்கரங்கள் பரவின. இப்போது பழைய வண்டிக்குப் பழைய தோற்றம் வேண்டுவோர், அலாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பிச் சக்கரத்தைப் பூட்டுகின்றனர். கண்ணுக்கு அழகுதான், ஆனால் அந்த அழகு முழுவதும் கம்பிகளின் இறுக்கத்தை நம்பி நிற்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்தின் சுமை கீழேயுள்ள மர ஆரக்காலின் மேல் தூண்போல் நிற்கிறது. எஃகுக் கம்பியோ தூணாக நிற்க இயலாத அளவுக்கு மெல்லியது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கின்றனர். சக்கரம் சுமையோடு தரையைத் தொடும்போது கீழ்ப்புறக் கம்பிகளின் இழுவிசை சற்றே குறைகிறது. மற்றவை விறைப்பாகவே இருக்கின்றன. சக்கரம் சுழல, ஒவ்வொரு கம்பியும் முறை வைத்துத் தளர்ந்து இறுகுகிறது. தொடக்கத்திலேயே தளர்வாக இருக்கும் கம்பி, இந்த ஓயாத அசைவினால் களைத்து, குடத்தருகே வளைந்த இடத்தில் முறிந்துபோகும். ஒன்று முறிந்தால் அதன் சுமை அண்டையிலுள்ள கம்பிகளின் மேல் விழும்.

இக்கம்பிகள் குடத்திலிருந்து நேராகச் செல்லாமல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்வதற்கும் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது குடம் நிற்க முயல்கிறது. ரிம்மோ தொடர்ந்து சுழல முயல்கிறது. நேர்க்கம்பி இந்த முறுக்கத்தைத் தாங்காது. சாய்ந்த கம்பி தாங்கும். ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் 1874இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் அருமை திருமலையிலிருந்து இறங்கும்போது விளங்கும். 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்குப் பயன்படுகிறது. அதன் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிரேக்கின் முறுக்கம் கம்பிகளின் வழியாகவே ரிம்மைச் சென்று சேர்கிறது. பின்னிருக்கையில் ஒருவர் இருந்தால் சுமை இன்னும் கூடும்.

ஆகவே சக்கரம் மாற்றும்போது விட்டம் ஒத்துப்போவது மட்டும் போதாது. அச்சின் பருமன், டிஸ்க் பிரேக்கா டிரம் பிரேக்கா என்பது, சங்கிலிச் சக்கரம் நிற்கும் நேர்கோடு ஆகியவையும் பொருந்த வேண்டும். பிறகு கோட்டம் எடுக்க வேண்டும். கம்பியின் முனையிலுள்ள நிப்பிளைச் சிறிது சிறிதாகத் திருகி, ரிம் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஆடாமல் சுழலச் செய்வதே கோட்டம் எடுத்தல். பொறுமையான கையே இதற்கு முதற்கருவி. கம்பியின் முனை ரிம்முக்குள் துருத்தினால் அதை அராவிவிட்டு, மேலே ரப்பர் நாடா இடுவர். இல்லையேல் அது டியூபைக் குத்திவிடும்.

டியூப் எதற்கு? ரிம்மில் கம்பிக்கு ஒன்றாகத் துளைகள் இருப்பதால் அவற்றின் வழியே காற்று கசியும். எனவே இத்தகைய சக்கரங்கள் பெரும்பாலானவற்றுக்கு டியூப் தேவை. ஆணி ஏறினால் டியூப் இல்லாத டயரில் காற்று மெல்ல இறங்கும். டியூப் உள்ள டயரிலோ சட்டென்று இறங்கிவிடக்கூடும். தோற்றத்திற்காகச் செலவிடுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது அரிது.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவது நலம்.

புதிதாகக் கோத்த கம்பிகள் ஓட்டத்தில் படிந்து சற்றுத் தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திச் சுழற்றி, ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பர். இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும்; தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஒலி மங்கிய கம்பியில் சாக்கட்டியால் குறியிட்டுக்கொண்டு, கோட்டம் எடுத்தவரிடமே மீண்டும் கொண்டுபோய்க் காட்டலாம்.