வெள்ளியில் பொறித்த விடுதலை

உயிரோடிருப்பவரின் உருவத்தை நாணயத்தில் பொறிப்பதில்லை என்ற ரோமாபுரியின் நெடுநாள் சம்பிரதாயத்தை மீறி, ஜூலியஸ் சீஸரின் முகம் கி.மு. 44-இல் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசில் இடம்பெற்றது, குடியரசில் பற்றுடையோர் நெஞ்சில் முடியாட்சி பற்றிய அச்சத்தை வளர்த்தது. அவரைக் கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 42-ஐ ஒட்டித் தம் படையினருக்காக வெளியிட்ட காசின் பின்புறத்தில், பிடிகள் வெவ்வேறாக அமைந்த இரு குத்துவாள்களும், அவற்றின் நடுவே, அடிமைத்தளை நீங்கியவன் அணியும் குல்லாயும், கீழே, கொலை நிகழ்ந்த மார்ச் 15-ஆம் நாளைச் சுட்டும் எழுத்துக்களும் விளங்குகின்றன. வாள் சாதனம், விடுதலையே பலன் என்பதை எழுத்தறியாத சிப்பாயும் உணரும்படி அமைந்த அற்புதமான பிரகடனம் இது. ஆயினும், அதன் முன்புறத்தில் புரூட்டஸ் தம் முகத்தையே பதித்துக்கொண்டார் என்பது, அதிகார மோகம் அதனை எதிர்த்தவரையும் விட்டுவைப்பதில்லை என்ற உண்மையை நமக்கு உணர்த்துகிறது.