வளவில் நிற்கும் உழவு இயந்திரம்

வன்னியிலே, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஊர்களிலும் அவற்றுக்கு அப்பாலும், வீட்டு வளவின் ஓர் ஓரத்தில் பழைய உழவு இயந்திரமொன்று சக்கரம் மண்ணிற் புதைய நிற்பதைக் காணலாம். மேலே வேப்பஞ்சருகு, இருக்கையிலே கோழி, புகைக்குழாயின் வாயில் எவரோ கவிழ்த்துவிட்ட தகரப்பேணி. அதனை வாங்கியவர் பாட்டனாராயிருப்பர். காலபோகத்துக்கு வயல் உழுததும், அறுவடையின் பின் களத்திலே சுற்றிச் சுற்றி ஓடிச் சூடு மிதித்ததும், பெட்டியைக் கொளுவி நெல் மூட்டையையும் கலியாண வீட்டாரையும் ஏற்றிச் சென்றதும் அதுவே. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளிற் குடும்பங்கள் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தபோது, பாயும் பானையும் முதியோரும் குழந்தைகளும் ஏறியிருந்ததும் இத்தகைய பெட்டிகளிலேதான். திரும்பி வாராத இயந்திரங்கள் பல. எஞ்சியவற்றுக்கு இன்று பழைய இரும்பு வாங்குவோர் படலையில் நின்று நிறைக்கு விலை பேசுகின்றனர். வீட்டின் இளையவர் திருத்தலாம் என்கிறார், மூத்தவர் பேசாதிருக்கிறார்.

திருத்தலாமா என்னும் வினாவுக்கு விடை சொல்வதற்கு, அந்த இயந்திரம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். இலங்கையில் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கிய மசி பேர்குசன் 35 என்னும் இனத்தையே எடுத்துக்கொள்வோர்க்கு விடை ஓரளவு நம்பிக்கையானது. அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் 1884இற் பிறந்த ஹரி பேர்குசன் என்பாரின் சிந்தனையில் உதித்த பரம்பரை அது. அவருடைய சாம்பல் நிறச் சிறு இயந்திரம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. 1953இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அதன் பின்னர் வந்ததே 35. முதலில் வந்த டீசல் இயந்திரங்கள் நான்கு உருளைகள் உடையன. குளிர் நாடுகளிற் காலை வேளையில் எளிதில் இயங்காமையால் அவை பழிக்கப்பட்டன. 1959 முதல் பேர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று உருளை எஞ்சின் பொருத்தப்பட்டது. வளவில் நிற்பது எந்த வகை என்பதை அறியப் பெரிய வித்தை வேண்டா. எஞ்சினின் பக்கத்தில் நொசில்கள் மூன்றா நான்கா என எண்ணிப் பார்த்தாற் போதும். மூன்றாயின் மகிழலாம். சென்னையில் 1960இல் தொடங்கிய டாபே நிறுவனம் மசி பேர்குசன் அமைப்பிலேயே இயந்திரங்கள் செய்து வந்தமையால், ஒத்த பாகங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. எனினும் கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டு சென்று, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே முறை.

திருத்த முனைவோர் பலர் செய்யும் முதற் காரியம், அயலிலுள்ள வேறொரு உழவு இயந்திரத்தை அழைத்து வந்து, சங்கிலி பூட்டி, பழையதைக் கியரிலிட்டு இழுப்பது. இது பெருங்கேடு. பல மாரிகள் நனைந்த எஞ்சினில் மழைநீர் புகைக்குழாய் வழியே இறங்கி வால்வைக் கடந்து உருளையினுள் துருவை ஏற்படுத்தியிருக்கும். பிஸ்டன் றிங்குகள் உருளைச் சுவரோடு ஒட்டியிருக்கும். இழுத்தவுடன் றிங்குகள் நொறுங்கும், தண்டும் வளையக்கூடும். சிறிது எண்ணெயால் விடுபட வேண்டியது பெருஞ்செலவாக முடியும். நொசில்களைக் கழற்றி, ஒவ்வொரு உருளையினுள்ளும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிடல் வேண்டும். பின்னர், உயர்ந்த கியரிலிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். அசையாவிடின் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. ஒரு விரற்கடை அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததெனலாம். சிறிதும் அசையாவிடில் தலைப்பாகத்தைத் திறந்து பார்ப்பதே வழி.

எஞ்சின் எண்ணெயையும் கியர்ப்பெட்டி எண்ணெயையும் வடித்துப் பார்ப்பது அடுத்தது. பாலும் தேநீரும் கலந்தாற்போல வெளுத்து வருமாயின் உள்ளே நீர் புகுந்துள்ளது. கியர்த் தடியின் அடியிலுள்ள இறப்பர் உறை வெடித்திருந்தால் மழைநீர் அவ்வழியே இறங்கும். கிளச்சு துருவேறி ஒட்டியிருந்தால் இயந்திரத்தை நடுவே பிரிக்க வேண்டிவரும். லொறிக்கு உள்ளதுபோலத் தனிச்சட்டகம் இதற்கில்லை. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பின்னச்சுமே ஒன்றோடொன்று பூட்டப்பட்டு உடலாக நிற்கின்றன. ஆகவே பிரிக்கும்போது முன்னச்சின் இருபுறமும் மர ஆப்பு வைத்து, எஞ்சின் பக்கஞ் சாயாது தடுத்தல் வேண்டும். இதனை மறந்து காலை நசுக்கிக்கொள்ள இடமுண்டு.

எரிபொருளைப் பொறுத்தவரை, பழைய டீசலை முற்றாக வடித்து, தாங்கியைக் கழுவி, வடிகளைப் புதிதாக இட வேண்டும். டீசல் பம்பைத் தெரு ஓரத்தில் திறத்தலாகாது. அளந்து பார்க்கும் கருவியுள்ள பட்டறைக்கே அனுப்புதல் நன்று. பூட்டிய பின் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றாவிடின் எஞ்சின் எத்துணை சுழன்றாலும் எரியாது. வடியிலிருந்து தொடங்கி, பின்னர் பம்பிலும் சுரைகளைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைநெம்பை அடித்தல் வேண்டும். இறுதியில் நொசிற் குழாய்ச் சுரைகளைத் தளர்த்தி, டீசல் வரும்வரை எஞ்சினைச் சுழற்றல் வேண்டும். நொசில் விசிறுவதைப் பார்க்கும்போது கையை அதன் முன்னே நீட்டலாகாது. அந்த அமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். துளை சிறிதாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

எஞ்சின் முழங்கியதும் பலர் வேலை முடிந்ததென்று சிவப்பு வர்ணம் வாங்கச் செல்கின்றனர். ஆனால் இந்த இயந்திரத்தின் உயிர்நிலை எஞ்சினன்று, பின்னாலுள்ள தூக்கியே. மெக்கானிக்மார் அதனை ஹைட்ரோலிக் என்பர். பேர்குசனுக்கு முன் கலப்பையைச் சங்கிலியால் இழுத்தனர். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால், பின்சக்கரம் நிற்க, இயந்திரத்தின் முன்பாகம் மேலெழுந்து சாரதிமேல் கவிழும். அவ்வாறு இறந்தோர் பலர். பேர்குசன் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று கரங்களாற் கலப்பையை இயந்திரத்தோடு பிணைத்தார். மண் கலப்பையை எதிர்க்குந்தோறும் மேற்கரம் முன்னோக்கித் தள்ளி முன்சக்கரங்களை நிலத்தோடு அழுத்துகிறது. அதே தள்ளுதல் வில்லொன்றை நெருக்கி, எண்ணெய் வால்வைத் திறந்து, கலப்பையைச் சிறிது உயர்த்துகிறது. கலப்பையின் பாரம் பின்சக்கரங்களுக்கு மாறி அவை வழுக்காது பிடிக்கின்றன. ஏறத்தாழ ஒன்றரைத் தொன் நிறையுள்ள சிறிய இயந்திரம் தன்னிலும் பெரியதன் வேலையைச் செய்வது இதனாலேயே.

தூக்கிக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே எண்ணெய். அதிலே நீரும் சேறும் கலந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். தூக்கி எழாது, எழுந்தாலும் நில்லாது. எண்ணெயை மாற்றிக் கழுவுவதாற் சில வேளை குணமாகும். குணமாகாவிடின் மேல்மூடியைத் திறந்து பம்பையும் றிங்கையும் பார்க்க வேண்டும். இச்செலவைத் தவிர்த்தவர் கையிலிருப்பது புகைவிடும் வண்டி மாத்திரமே. இன்னொன்று: மேற்கரம் பூட்டும் இடத்திற் சங்கிலி கொளுவி மரக்குற்றி இழுப்பது ஊர்களிற் காணும் வழக்கம். பேர்குசன் நீக்கிய ஆபத்தைத் தாமே மீண்டும் வருவித்துக்கொள்வதாகும் அது. இழுப்பதற்குரியது கீழேயுள்ள இழுவைச் சட்டம் ஒன்றே.

பதிவுப் புத்தகம் இடப்பெயர்விலே தொலைந்திருக்குமாயின், தகட்டிலும் உடலிலுமுள்ள இலக்கங்களைத் துருவகற்றிப் படியெடுத்து வைத்துக்கொண்டு, வர்ணம் பூசுமுன்பே மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தை நாடுதல் வேண்டும். வர்ணத்தால் மூடப்பட்ட இலக்கம் ஐயத்துக்கு இடந்தரும். வர்ணம் பூசத்தான் வேண்டுமா என்பது குடும்பத்தார் விருப்பம். மட்காட்டில் பாட்டனார் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடத்தைப் புதுச் சிவப்பால் மறைக்காது விட்டோரும் உளர். அவர்களைக் குறைகூற இயலாது.

முதல் உழவுக்குப் பெரிய வயலைத் தெரியாது, வீட்டருகே மெல்லிய மணற்றரையைத் தெரிதல் நன்று. வெண்புகை சில நிமிடத்தில் அடங்க வேண்டும். நீலப்புகை தொடருமாயின் றிங்குகளைச் சந்தேகிக்கலாம். எஞ்சினைத் திறந்து பூட்டியிருந்தால், சில நாள் உழைத்தபின் தலைப்பாகத்தின் சுரைகளை உரிய அளவிற்கு மீண்டும் இறுக்கி, எண்ணெயையும் மாற்றிவிடல் வேண்டும். அதன் பின்னரே பெட்டியைக் கொளுவலாம்.