மதில் இல்லாத முதியோர் இல்லம்

ஜான்-டலோன் சந்தைக்குச் சனிக்கிழமை செல்பவர் சந்தையைக் காண்பார். வேலை நாளொன்றில், காலை பத்து மணியளவில் செல்பவர் முதியவர்களைக் காண்பார். மொன்றியலின் இத்தாலியர் வட்டாரத்தில், ஒருகாலத்தில் ஷாம்றொக் கழகத்தார் லக்ரோஸ் ஆடிய மைதானம் இருந்த இடத்தில், 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்டது இச்சந்தை. முதலில் வடசந்தை என்றே அழைக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் நியூ பிரான்ஸ் குடியேற்றத்தை நிர்வகித்த ஜான் டலோனின் பெயர் பிற்காலத்தில்தான் வந்தது.

தொப்பி அணிந்த இத்தாலியக் கிழவர்கள் சந்தை ஓரத்தில் கோப்பியுடன் நின்று உரத்துப் பேசுவார்கள். கறுப்புச் சட்டை அணிந்த கிரேக்க மூதாட்டிகள் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நடுவே, சேலையின் மேல் கம்பளிச் சட்டையும் காலில் விளையாட்டுச் சப்பாத்துமாக நம்மவர் வீட்டு அம்மம்மாக்களும், சக்கரம் பூட்டிய பையை இழுத்துக்கொண்டு அப்பப்பாக்களும் வருகின்றனர். பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருப்பவருக்கு நீல நிற மெற்றோவில் ஒரே ஒரு தரிப்பிடம். தெ காஸ்ரல்நோவில் இறங்கினால் சில நிமிட நடை. கோட்-தெ-நேஜில் இருப்பவருக்கும் அதே மெற்றோதான், வண்டி மாறத் தேவையில்லை.

இவர்களுக்கு ஆண்டின் நாட்காட்டியே சந்தைதான். வைகாசியில் நாற்றுகள், ஆனியில் ஸ்ரோபெரி, ஆடி ஆவணியில் சோளம், பின்னர் கூடை கூடையாகத் தக்காளி, ஐப்பசியில் பூசணி, மார்கழியில் நத்தார் மரம். பனி விழத் தொடங்கியதும் நடுப்பகுதியைச் சுற்றிச் சுவர்கள் எழுப்பி, உள்ளே கடைகள் தொடர்ந்து நடக்கும்.

ஒரு புரட்டாதிக் காலை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தக்காளிக் கூடைகளின் முன் நிற்கிறார். தெரிந்த அம்மா ஒருவர் எதிர்ப்படுகிறார்.

“என்ன மாஸ்டர், நேற்றும் தக்காளி வாங்கினனியள் எல்லோ?”

“அது நேற்று, தங்கச்சி. இண்டைக்கு விலை கேட்க மட்டும்தான் வந்தனான்.”

இருவரும் சிரிக்கிறார்கள். அரை மணித்தியாலம் ஊர்க்கதை நடக்கிறது. யாருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, யாருடைய பேத்திக்குக் கலியாணம், எந்தக் கடையில் வெண்டிக்காய் மலிவு என்று எல்லாம் வந்துபோகிறது. இதற்கிடையில் வியாபாரி தட்டில் வெட்டி வைத்த பீச் பழத் துண்டுகளில் மாஸ்டர் நாலைந்தை எடுத்துவிடுகிறார். (நீரிழிவுக்காரர் அந்தத் தட்டுகளைக் கவனித்து நடக்கவேண்டும். ஒவ்வொரு கடையிலும் ஒரு துண்டு என்றால், சந்தையைச் சுற்றி முடிக்கையில் இரண்டு பழம் உள்ளே போயிருக்கும்!)

மாஸ்டர் தாம் விலை கேட்டதாகவே நினைக்கிறார். உண்மையில் அவர் வீட்டிலிருந்து மெற்றோவுக்கும், படிகளில் ஏறி இறங்கிச் சந்தைக்கும், சந்தைக்குள்ளுமாக ஒரு மணித்தியாலம் நடந்திருக்கிறார். முதியவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடலுக்கு வேலை தரவேண்டும் என்பது கனடிய மருத்துவ ஆலோசனை. மூன்று நாள் சந்தைக்குப் போனால் அது கடந்துவிடும். கணக்குப் பார்த்தார், பாதை நினைவு வைத்தார், “பொன்ஜூர்”, “கொம்பியன்”, “மெர்சி” என்று தமக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்தார். முதியோர் விடுதியொன்றில் இவை ஒவ்வொன்றுக்கும் நேரசூசி போட்டு, ஆள் நியமித்து நடத்தவேண்டும்.

கியூபெக்கில் அத்தகைய விடுதிகள் மிகுதி. 75 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தனியார் முதியோர் விடுதிகளில் வாழ்கிறார். ஏனைய மாகாணங்களில் இது மிகக் குறைவு. சில விடுதிகள் மாடமாளிகை போன்றவை: நீச்சல் தடாகம், படம் பார்க்கும் கூடம், சீட்டாட்டம், பிங்கோ, கடைக்கு அழைத்துச் செல்லும் வாகனம். இவற்றைப் பரிகசிக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் குளியலறையில் விழுந்தவருக்கு இழுக்க ஒரு மணிக்கயிறும், ஓடிவர ஒரு ஆளும் அங்கே உண்டு. வீட்டில் அது எப்போதும் உண்டா?

நம்மவர் “அப்பா அம்மாவை இல்லத்தில் விடமாட்டோம்” என்று பெருமையுடன் சொல்வதுண்டு. பெருமைப்படத்தக்கதே. ஆனால் அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பகற்பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. புறநகரில் ஐந்து அறை வீடு. காலை ஏழரைக்கு மகனும் மருமகளும் வேலைக்கு, பிள்ளைகள் பாடசாலைக்கு. பின்னேரம் வரை தொலைக்காட்சியும் பழைய அல்பமும். பேரப்பிள்ளை வந்ததும் பிரெஞ்சில் தொலைபேசி பேசியபடி மாடிக்குப் போய்விடுகிறது. பஸ் தரிப்பிடம் தூரம்; நடந்துபோய் வாங்க ஒரு கடை இல்லை. வைத்தியரிடம் அழைத்து வரும்போது மகள் சொல்வாள்: “அம்மா ஒண்டும் செய்யிறதில்லை, எந்நேரமும் படுக்கைதான்.” செய்வதற்கு என்ன இருக்கிறது என்று அம்மா திருப்பிக் கேட்பதில்லை. குருதிப் பரிசோதனையில் சீனி கூடியிருக்கும், தசை கரைந்திருக்கும், மனச்சோர்வு கண்ணில் தெரியும். மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். பேசுவதற்கு ஒரு ஆளை எழுதிக் கொடுக்க முடியாது.

2018ஆம் ஆண்டு ஜூலை வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்ததாகச் சுகாதாரத் துறை கணித்தது. பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியோர், வீட்டிலேயே இறந்தவர்கள். சந்தைக்கு வழக்கமாக வரும் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள்.

அமெரிக்காவில் மைக்கல் ஹன்ற் என்ற அறிஞர் 1980களில் ஒரு விடயத்தைக் கவனித்து அதற்குப் பெயர் வைத்தார். யாரும் திட்டமிட்டுக் கட்டாமலே, ஒரு தெருவோ தொடர்மாடியோ நாளடைவில் முதியோர் குடியிருப்பாகிவிடுகிறது. வசதியான இடத்தில் மக்கள் அங்கேயே தங்கி மூப்படைகிறார்கள். ஜான்-டலோன் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களை ஒருமுறை நடந்து பார்த்தால் அவர் சொன்னது விளங்கும்.

பணப்பை பற்றியும் சொல்லவேண்டும். கியூபெக்கில் பெற்றோரைப் பொறுப்பேற்று அழைக்கும் பிள்ளை, 10 ஆண்டுகளுக்கு அவர்களைப் பராமரிப்பதாகக் கையொப்பமிடுகிறார். முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்கும் 65 வயதும் குறைந்தது 10 ஆண்டு கனடிய வாழ்வும் வேண்டும். அதுவரை ஊரில் ஒரு பாடசாலையையே நடத்தியவர், இருபது டொலருக்கு மகனின் முகத்தைப் பார்க்கவேண்டும். கேட்க வெட்கப்பட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. மாதம் ஒரு சிறு தொகையைக் கேளாமலே மேசையில் வைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் வரவேண்டும். பிரயாணச் செலவு இப்போது ஒரு காரணமல்ல. 2023 ஜூலை முதல், மொன்றியல் தீவில் வசிக்கும் 65 வயதினருக்கும் மேற்பட்டோருக்கும், படம் ஒட்டிய ஒபூஸ் அட்டை இருந்தால் பஸ்ஸும் மெற்றோவும் இலவசம். இன்னும் எடுக்காதவர்களுக்குப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கலாம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பின்னால் நிற்கிறது. மறதிநோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் போகும், தாய்மொழி நின்றுவிடும். முப்பது வருடம் இங்கு வேலை செய்து ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசியவர், கடைசியில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். சுற்றிலும் உள்ளவர்களுக்கு அது சத்தமாக மட்டுமே கேட்கும். நம்மவருக்கு முன் வந்தோர் இதை உணர்ந்திருந்தார்கள். இத்தாலியர் 1960இல் திறந்த சான்ரா கப்ரீனி வைத்தியசாலையும், 1918 இன்புளூவன்சாக் காலத்தில் சீனர்கள் தொடங்கி இன்று முதியோரைப் பராமரிக்கும் சீன வைத்தியசாலையும் இந்நகரில் இன்னும் உள்ளன. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழரில் அன்று இருபத்தைந்து வயதாயிருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. ஆகவே இது தாத்தா பாட்டியைப் பற்றிய பேச்சு மாத்திரமல்ல.

தமிழ் முதியோருக்கென ஒரு மனை அமைக்கவேண்டும் என்ற பேச்சு எழும்போது, கோயிலுக்குப் பக்கத்தில் என்பதே முதலில் வரும் யோசனை. ஆசை நியாயமானது. ஆனால் மெற்றோ எட்டாத இடத்தில், வாகனம் வந்து ஏற்றினாலன்றி எங்கும் போகமுடியாதவாறு அமைந்தால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் பெரிய வீட்டின் தனிமையே அங்கும் தொடரும். கோயிலுக்குக் கிழமையில் ஒருநாள் வாகனம் விடலாம். மரக்கறி வாங்கவும் மனிதமுகம் பார்க்கவும் தினமும் வாகனம் விட யாராலும் இயலாது. முதலில் சந்தையும் மெற்றோவும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் காணி தேடவேண்டும்.

பெரிய திட்டங்களுக்குக் காலமெடுக்கும். பனிக்காலம் வருவதற்கு முன்னரே செய்யக்கூடியவை சில உண்டு. சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் சில டொலர்கள்தான். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பழைய நடை பலருக்குத் திரும்புவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை இந்நகரின் வெயிலில் விற்றமின் டி போதியளவு உருவாகாது; எவ்வளவு எடுப்பதென்று குடும்ப வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். புறநகரில் உள்ள அங்கத்தவர்களில் ஓய்வுபெற்று வாகனம் ஓட்டுவோர் பலர் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நாலு பெரியவர்களை ஏற்றி வந்து, பத்து மணிக்குச் சந்தை வாசலில் இறக்கி, பன்னிரண்டு மணிக்குத் திரும்ப ஏற்றினால் போதும். பட்டியல் எழுதிக் கொடுத்து “இதை மட்டும் வாங்குங்கோ” என்று சொல்லி அனுப்பவேண்டாம். விலை கேட்க மட்டும் போகிறவர்களும் இருப்பார்கள்.