தெளிப்பது இலைக்கு, சேர்வது மீனுக்கு

மீன் குளத்தில் புதிதாகக் குஞ்சு விடுவதற்கு முன், ஏற்கெனவே அங்கே கிடக்கும் விரால், கெளுத்தி போன்றவற்றை ஒழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகள் அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். அதற்கு மீன்வளத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மருந்து இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்குச் சுமார் 2,500 கிலோ. அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சில மணி நேரத்தில் மீன்கள் மிதக்கத் தொடங்கும். கணக்குப் போட்டால் லிட்டர் தண்ணீருக்குக் கால் கிராம். மொட்டைமாடியில் வைத்த 500 லிட்டர் தொட்டிக்கு வெறும் 125 கிராம்.

மரத்தில் விளைந்த கொட்டை, செக்கில் ஆட்டி மிஞ்சிய புண்ணாக்கு. இதைவிட 'இயற்கை' என்று எதைச் சொல்வது? தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் மாடித்தோட்டத்திலிருந்து அக்வாபோனிக்ஸுக்கு மாற நினைப்பவர்கள், விதை வாங்குவதற்கு முன்பே மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இது.

அக்வாபோனிக்ஸ் என்பது மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் வளர்ப்பது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கீரையும் தக்காளியும் அந்த நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மறுபடி தொட்டிக்கே இறங்குகிறது. மண் கிடையாது, உரமூட்டை கிடையாது. மண் இல்லாததால் நூற்புழு, வேர்ப்புழு போன்ற தொல்லைகளும் பெரும்பாலும் இல்லை.

ஆனால் வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் மண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பக்கத்து வீட்டுச் செம்பருத்தியிலிருந்தோ கொய்யாவிலிருந்தோ அவை மூன்றாவது மாடிக்கும் வந்து சேரும். அப்போது மாடித்தோட்டக்காரரின் கை தானாகவே வேப்ப எண்ணெயைத் தேடும். தமிழ்நாடு அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பிற்காலத்தில் மானிய விலையில் கொடுத்த பைகளில் விதையோடும் தென்னை நார்க் கட்டியோடும் வேம்பு மருந்தும் இருந்தது. மண் தொட்டிக்கு அது நல்ல துணைதான். மீன் தொட்டிக்கு மேலே கதை வேறு.

வேப்ப எண்ணெய் தண்ணீரில் கலக்காது. அதனால் காதி சோப்பையோ பூந்திக்கொட்டைச் சாற்றையோ 'ஒட்டும் திரவம்' என்று கடையில் தரும் டீப்பாலையோ சேர்த்துத்தான் அடிக்கிறார்கள். சோப்பு மீனின் செவுளைப் புண்ணாக்கும். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருவது இலுப்பையில் இருக்கும் அதே சப்போனின் இனம். எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக நின்று காற்று கரைவதைத் தடுக்கும். வேம்பின் அசாடிராக்டினும் அளவு மீறினால் மீனுக்கு ஆகாது. இயற்கை விவசாயிகள் போற்றும் அக்னி அஸ்திரத்தில் பசுங்கோமியமும் புகையிலையும் சேரும்: முன்னது அம்மோனியாவைக் கூட்டும், பின்னது நிகோட்டின் என்னும் நஞ்சு. வயலில் இவற்றை மண் வாங்கிக்கொள்ளும். இங்கே இலையிலிருந்து சொட்டுவதெல்லாம் ஜல்லி வழியாக நேரே மீனிடம் போய்ச் சேருகிறது.

இன்னொரு ஆபத்து தெருவிலிருந்து வருவது. மழைக்காலத்தில் கொசு ஒழிப்புக்குப் புகை அடிக்கும்போது பைரித்ரமோ, அதைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பைரித்ராய்டு மருந்துகளோ பயன்படுவதுண்டு. பைரித்ரம் சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுப்பது. மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கில்லை, மீனுக்குக் கடும் நஞ்சு. புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டால் தொட்டிக்கு மூடி போட்டுவிடுவது நல்லது. அறைக்குள் அடிக்கும் கொசு ஸ்ப்ரேயையும் தொட்டிப் பக்கம் கொண்டு போகக் கூடாது. தொட்டியில் கொசுப்புழு இருக்குமோ என்ற கவலை மட்டும் வேண்டாம். மீன்கள் ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் பூச்சிக்கு என்னதான் வழி?

தண்ணீர்தான் முதல் மருந்து. 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவி, ஓலைகளில் கரும்பூசணம் படியவைத்தது. அப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரசாயன மருந்து வேண்டாம் என்றே சொன்னது. ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை விசையோடு பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், பூசணத்துக்கு மைதாப் பசை தெளியுங்கள் என்றது. தென்னைக்குச் சொன்ன அந்த வைத்தியம் மாடியில் இருக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் அப்படியே பொருந்தும்; மைதாவை மட்டும் விட்டுவிடலாம், அது தொட்டியில் விழுந்து புளிக்கும். காலை நேரத்தில் இலையின் அடியில் படும்படி பீய்ச்சினால் அசுவினி கொத்தாக உதிரும். உதிர்ந்தது மீனுக்குத் தீனி. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை உடனே பயன்படுத்தாமல், ஒரு நாள் திறந்து வைத்திருந்து பிறகு எடுப்பது பாதுகாப்பு.

மஞ்சள் அட்டை கடையில் கிடைக்கும். இல்லையென்றால் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உயரத்தில் தொங்கவிட்டாலும் வெள்ளை ஈ வந்து ஒட்டும். இலைப்பேனுக்கு நீல நிறம். எத்தனை பூச்சி ஒட்டியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்தாலே, தாக்குதல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். வெண்டையில் இது மிக முக்கியம். மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குச் சுமந்து போவது வெள்ளை ஈதான். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிப்போன செடிக்கு வைத்தியம் கிடையாது. தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

எறும்பைக் கவனிக்காமல் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் ஒழிக்க முடியாது. அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நின்று, எதிரிப் பூச்சிகளை விரட்டுகின்றன. அந்தக் காலத்துப் பலகார அலமாரிக்குச் செய்தது போல, செடிப் படுக்கையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் இருக்க நாலு சொட்டு எண்ணெய் விடலாம். இந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகாது என்பதால் பயமில்லை.

காவல் இல்லாத மாவுப்பூச்சியைத் தேடி வருபவற்றில் ஒன்று கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் புழுவைப் பார்த்தால் மாவுப்பூச்சியேதான் என்று தோன்றும். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகள். பழகாதவர்கள் முதலில் நசுக்குவது இதைத்தான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஈர்க்குச்சியால் மெல்லத் தொட வேண்டும். மாவுப்பூச்சி அசைந்தால் பெரிது. இந்தப் புழுவோ விறுவிறுவென்று நகர்ந்துவிடும். நகர்வதை விட்டுவிட வேண்டும்.

இப்படிச் சின்னஞ்சிறு பூச்சி ஒரு மாநிலத்தையே காப்பாற்றிய கதை தமிழ்நாட்டில் உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் அது விடவில்லை. எத்தனை முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் பெங்களூரிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள அந்தக் குளவியை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி ஊர் ஊராக விட்டது. அதன்பின் மாவுப்பூச்சி வெகு சீக்கிரம் கட்டுக்குள் வந்தது. மீனுக்குப் பயந்து தெளிப்பானை ஓரம் கட்டிய மாடியில் இத்தகைய குளவிகளும் பிழைத்திருக்கும் என்பது கூடுதல் லாபம்.

புழுக்களுக்குக் கைதான் சிறந்த கருவி. புரோடீனியா அந்துப்பூச்சி இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் போர்த்தி வைக்கும். பார்ப்பதற்குப் பஞ்சுத் துணுக்கு போல இருக்கும். அந்த ஓர் இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பிறப்பதற்கு முன்பே ஒழிந்தன. ஆமணக்கு இலையென்றால் இந்தப் பூச்சிக்கு ஆசை அதிகம். மாடி மூலையில் தனித் தொட்டியில் ஓர் ஆமணக்குச் செடி வைத்தால் முட்டைகள் அங்கே சேரும், எடுப்பதும் சுலபம்.

கையை மீறிப் போனால் பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இருக்கிறது. 1901இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுக்களில் இஷிவாட்டா என்பவர் கண்டறிந்த பாக்டீரியா இது. பின்னாளில் பெர்லினர் இதற்குப் பெயரிட்டார். ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இதன் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் நஞ்சாகும். தின்ற புழு சில மணி நேரத்தில் மேய்ச்சலை நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் சாகும். சொன்ன அளவில் தெளித்தால் மீனுக்குத் தொல்லை இல்லை. வெயில் பட்டால் வீரியம் குறையும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். கத்தரியின் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிட்ட துளைப்பானை இது எட்டாது. அதற்கு வாடிய நுனியைக் கிள்ளி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும்தான் வழி.

பூச்சி வலை போடுபவர்கள் 40 மெஷ் அளவுள்ளதைப் போட்டால் வெள்ளை ஈ பெரும்பாலும் புகாது. ஆனால் தேனீயும் புகாது. தக்காளிக்கும் கத்தரிக்கும் செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். சுரை, பீர்க்கு, வெள்ளரி போட்டவர்கள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தாங்களே தடவ வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் செம்பேனும் மாவுப்பூச்சியும், ஐப்பசி, கார்த்திகை மழையில் புழுவும் நத்தையும், தையில் அவரையில் அசுவினியும் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று காத்திருக்கிறது. பூச்சி விரும்பும் பருவத்தில் அந்தச் செடியைப் போடாமல் கீரைக்கு மாறுவதும் ஒரு பூச்சி விரட்டிதான்.

தெரியாத பூச்சி வந்தால் பாதித்த இலையை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். அங்கே போனாலும் சரி, தெருமுனை உரக்கடைக்குப் போனாலும் சரி, வாயைத் திறந்ததும் "செடிக்குக் கீழே மீன் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கையில் கிடைப்பது வேப்ப எண்ணெயும் ஒட்டும் திரவமுமாகத்தான் இருக்கும்.