பினாங்கோடு பிணைந்த பிரதமர்கள்

மலேசியப் பிரதமர்களில் இருவர் பினாங்கு மண்ணில் பிறந்தவர்கள். அங்கே பிறக்காவிட்டாலும் பினாங்கோடு பிணைந்த மூன்றாமவர் துங்கு அப்துல் ரஹ்மான், கெடா அரச குடும்பத்துப் பிள்ளை. பேங்காக்கிலும், 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் படித்தவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர், வழக்கறிஞர் தேர்வில் தேறியது 1949-இல்தான்; அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன்பின் எட்டே ஆண்டுகளில் நாட்டின் முதல் பிரதமரானார் என்பது வியக்கத்தக்கது. அவர் எழுதிய 'மஹ்சூரி' நாடகம் திரைப்படமாகவும் வந்தது. 1970-இல் பதவி விலகியபின் பினாங்கில் வாழ்ந்து, 'தி ஸ்டார்' நாளேட்டில் பத்தி எழுதினார். ஆட்சியைக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை. 1987 அக்டோபரில் அந்த ஏட்டின் உரிமம் நிறுத்தப்பட்டது; 1988-இல் ஏடு திரும்பியபோது அவருடைய பத்தி இல்லை.

பினாங்கில் பிறந்த இரு பிரதமர்களில் ஒருவரான அப்துல்லா அகமது படாவி 1939-இல் பாயான் லெப்பாஸில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஹசான் சாலே, சீனாவின் ஹைனான் தீவிலுள்ள சன்யாவிலிருந்து வந்த முஸ்லிம். தந்தைவழிப் பாட்டனார் ஷேக் அப்துல்லா ஃபாஹிம் பேர்பெற்ற மார்க்க அறிஞர். 1957 ஆகஸ்டு 31-ஐச் சுதந்திர நாளாக முடிவுசெய்யுமுன் துங்கு அவரிடம் கருத்துக் கேட்டதாகச் சொல்வார்கள்.

மற்றவரான அன்வார் இப்ராஹிம் 1947-இல் புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக்குனில் பிறந்தார். மருத்துவமனை ஊழியராக இருந்த அவருடைய தந்தை இப்ராஹிம் அப்துல் ரஹ்மான், 1959-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். மகன் 1982-இல் பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் வென்றார். பிரதமர் நாற்காலியில் அமர 2022 நவம்பர் வரை காத்திருந்தார்.