செப்டிக் டேங்க் லாரிக்கு போன் போடுறீங்களா? ஆளை உள்ளே இறக்கினால் வீட்டுக்காரருக்கும் ஜெயில்!

செங்கல்பட்டு:

பாதாள சாக்கடை வராத புறநகர்களிலும், பேரூராட்சிகளிலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் தான். டேங்க் நிரம்பி கக்கூசில் தண்ணீர் இறங்காமல் நின்ற பிறகு தான் பலருக்கு லாரி ஞாபகம் வருகிறது. கரண்ட் கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பருக்கு போன் போட்டு, "எவ்வளவுப்பா கேக்குற?" என்று ரேட்டை மட்டும் பேசி வரச்சொல்லி விடுகிறார்கள். இந்த அவசரம் ஒரு உயிரையே காவு வாங்கி விடும்.

மூக்கை நம்பாதீர்கள்

டேங்கில் தேங்கும் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுகிறார். அவரை தூக்கப்போனவரும் விழுகிறார். ஒரே டேங்கில் 2 பேர், 3 பேர் என பலியாவது இப்படித்தான்.

தீக்குச்சி கொளுத்தி சோதித்து பார்ப்பதும் ஆபத்து. மீத்தேன் குப்பென்று தீப்பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாதுகாப்பு சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்க 2013-ம் ஆண்டு சட்டம் தடை விதித்துள்ளது. நேரடியாகவோ, காண்டிராக்டர் மூலமாகவோ யார் வேலைக்கு வைத்தாலும் குற்றம் தான். முதல் முறை சிக்கினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். மறுபடியும் சிக்கினால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும்.

சாக்கடை சுத்தம் செய்யும்போது இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

லாரிக்காரரிடம் 4 கேள்வி

* லைசென்ஸ் இருக்கா? நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சியில் அனுமதி வாங்கிய லாரியா என்று பாருங்கள். காட்ட தயங்கினால் வேறு ஆளை பாருங்கள்.

* எப்படி எடுப்பீங்க? மோட்டார் குழாய் போட்டு உறிஞ்ச வேண்டும். அடியில் சேறு இறுகியிருந்தால் தண்ணீரை பீய்ச்சி கலக்கி எடுக்கலாம். "500 ரூபா சேர்த்து குடுங்க சார், பையனை இறக்கி வாரிடலாம்" என்றால் உடனே வேலையை நிறுத்துங்கள்.

* எங்கே கொட்டுவீங்க? ஏரியிலோ, கால்வாயிலோ கொட்டினால் அது சுற்றி வந்து நம்ம போர் தண்ணீரில் தான் கலக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு தான் கொண்டு போக வேண்டும். மதுராந்தகம் அருகே கருங்குழியில் கழிவை சுத்திகரிக்கும் நிலையம் 2017-ல் தொடங்கப்பட்டது.

* ரேட் எப்படி? லாரி எத்தனை லிட்டர் பிடிக்கும், ஒரு லோடுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி, பில் வாங்குங்கள்.

தொழில் தெரிந்தவர் என்ன செய்வார்?

அனுபவம் உள்ளவர் டேங்கை வழித்து துடைத்து கழுவ மாட்டார். கழிவை மக்க வைக்கும் பாக்டீரியா இருக்க, கொஞ்சம் பழைய சேற்றை விட்டு வைப்பார். குழாய் அடைப்பு, சுவர் விரிசல், காற்றுக்குழாய் எல்லாம் பார்த்து சொல்வார். போகும்போது மூடியை சரியாக மூடுவார். திறந்த டேங்கில் குழந்தைகள் விழும் அபாயம் உண்டு.

வீட்டில் இருப்பவர்களும் ஆசிட், பிளீச்சிங் பவுடரை அளவுக்கு மீறி ஊற்றக்கூடாது. நாப்கின், பிளாஸ்டிக்கை உள்ளே போடக்கூடாது. நிரம்பி வழியும் வரை காத்திருக்காமல் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து விட வேண்டும்.

லாரி தேவைப்பட்டால் 14420 என்ற எண்ணில் கேட்கலாம். யாராவது டேங்கில் மயங்கி விழுந்து விட்டால் காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். உடனே தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108-ஐ கூப்பிடுங்கள்.