உங்களுக்குத் தெரியுமா? பிரேக் ஆயிலும் கொதிக்கும்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பந்தயத் தடம் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் திறந்த தடம் இது.

ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை முதன்முறை தடத்தில் இறக்குபவருக்கு இன்ஜின் மேல்தான் கவலை. முதலில் மாற்ற வேண்டியதோ பிரேக் ஆயில்!

அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புத்தம்புது டாட் 4 ரக ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியவே தெரியாது. தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் ஓங்கி மிதிக்க மிதிக்க, சூடேறிய ஆயிலில் ஆவிக்குமிழ்கள் கிளம்பும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். மிதி அடிவரை போகும், கார் நிற்காது.

டயரும் சூடாக ஆகக் காற்றழுத்தம் ஏறும். அதனால் சில சுற்றுகள் முடிந்ததும் சூட்டோடு அளந்து குறைக்கிறார்கள்.

வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. தகிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளக்கூடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே வழக்கம்.